சூனியத்தைச் சுற்றும் பிரதட்சணம்

கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவே அமைந்த கறுவாத்தோட்டத்தில் நெடுங்காலம் வசித்து, 2008இல் காலமாகிப் பொரளைக் கனத்தையில் அடக்கமான ஆர்தர் சி. கிளார்க், இலங்கையில் குடியேறிய ஐந்தாண்டுகளில், 1961இல் வெளியிட்ட ‘ஏ ஃபால் ஆஃப் மூன்டஸ்ட்’ என்னும் நாவலிலே, பூமிக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட சமநிலைத் தானத்தில் ஒரு விண்ணிலையத்தை நிறுவி, நிலவின் தூசிக் கடலில் அமிழ்ந்த படகின் உஷ்ணச் சுவட்டை அங்கிருந்த வானியலாளர் ஒருவர் கண்டுபிடிப்பதாகக் கற்பித்தார்.

1772இல் லக்ராஞ்சு என்னும் கணித மேதை ஆராய்ந்துரைத்த இத்தகைய தானங்களுள் ஒன்று, சூரியனுக்கு மறுபுறமாகப் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சூரியன், பூமி ஆகிய இரண்டின் ஆகர்ஷணங்களும் ஒன்றுகூடி, அங்குள்ள பொருளைப் பூமியோடு சேர்ந்தே ஆண்டுக்கொருமுறை சூரியனைச் சுற்றிவரச் செய்கின்றன. குதிரைச் சேணத்தின் நடுவில் வைத்த தேசிக்காய்போல, ஒரு திசையில் உருண்டோடவும் மற்றொரு திசையில் நடுவுக்கே மீளவும் முனையும் இயல்பு அவ்விடத்துக்கு உண்டாதலால், 2022 ஜனவரியில் அதனை அடைந்த ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, அவ்வப்போது சிறிது எரிபொருளைச் செலவிட்டுத் தன் நிலையைத் திருத்திக்கொண்டு, பூமியின் நிழல் தன் சூரியத் தகடுகளில் விழாவண்ணம், ஒன்றுமில்லாத அந்த மையத்தை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கொருமுறை சுற்றி வருகிறது. அது நோக்குவதும், கிளார்க்கின் வானியலாளர் நோக்கியதுபோல, அகச்சிவப்புக் கதிரையே. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து அனுப்பிய இந்திய விண்கலமான ஆதித்யா எல்-1, 2024 ஜனவரி 6 அன்று, சூரியப் பக்கத்துச் சமநிலைத் தானத்தில் இவ்வகைப் பாதையையே பற்றிக்கொண்டது.