மூலமும் உரையும் மேக்ஃபைலும்

அறிவிப்பைப் பார்த்துவிட்டு, இலக்கியக் கூட்டத்தில் மென்பொருள் வரலாறு எதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். நமக்குப் பழக்கமான ஒரு தொடரிலிருந்தே தொடங்குகிறேன். நம் பழைய பதிப்புகளின் முகப்பில் 'மூலமும் உரையும்' என்று அச்சிட்டிருப்பார்கள். மென்பொருள் உலகத்திலும் அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் இருந்தார். 1970-களின் நடுவில் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் அவருடைய துறைக்கு வந்து சேர்ந்தது. அக்காலத்தில் யூனிக்ஸ் வாங்கினால் மூலநிரலோடுதான் வரும். அதன் ஆறாம் பதிப்பின் கருவை மாணவர்களுக்குப் பாடமாக நடத்த நினைத்தார் லயன்ஸ். பத்தாயிரம் வரிக்கும் குறைவான அந்த நிரலை வரி எண் போட்டு ஒரு தொகுதியாக அச்சிட்டார். இன்னொரு தொகுதியில் வரி எண்ணைச் சுட்டிச் சுட்டி உரை எழுதினார். மாணவர்கள் இரண்டையும் மேசையில் அருகருகே விரித்து வைத்துப் படித்தார்கள். பரிமேலழகரை வைத்துக்கொண்டு குறள் படிப்பது போலத்தான்.

1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு வந்தது. மூலநிரலை வகுப்பில் பாடமாக வைக்கக் கூடாது என்று அதன் உரிமத்தில் சேர்த்துவிட்டார்கள். லயன்ஸின் உரை கள்ளப் பிரதியானது. நகலின் நகல், அதன் நகல் என்று எழுத்து மங்கிய தாள்களாக அது உலகம் சுற்றியது. 1996-இல்தான் முறையாக நூலாக வெளிவந்தது. லயன்ஸ் 1998 டிசம்பரில் காலமானார். அதற்குள் நூலைப் பார்த்துவிட்டார் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு.

இதில் பணயம் என்ன என்று கேட்டால், ஒரு எந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் படித்துப் பார்க்கும் உரிமை. அந்த உரிமை தொடக்கத்தில் யாரும் கேட்காமலே இருந்தது. 1955-இல் ஐபிஎம் கணினி வைத்திருந்தவர்கள் 'ஷேர்' என்று ஒரு சங்கம் அமைத்து, நிரல்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள். கணினிதான் சரக்கு, நிரல் அதோடு வரும் கொசுறு. 1969-இல் ஐபிஎம் மென்பொருளுக்குத் தனி விலை என்று அறிவித்தது. 1983-இல் இனி மூலநிரல் தர மாட்டோம், எந்திரத்துக்குப் புரியும் வடிவத்தில் மட்டுமே தருவோம் என்றது. அதே 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிஎன்யு திட்டத்தை அறிவித்தார். எம்ஐடி-யில் ஒரு ஜெராக்ஸ் அச்சுப்பொறியின் மூலநிரல் தனக்கு மறுக்கப்பட்ட கதையை அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும், தாண்டிப் போகிறேன்.

மூலம் கைக்கு வந்தால் மட்டும் போதுமா? நான் இன்று அதிகமாகப் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். மூலநிரல் மனிதர் படிக்கும் எழுத்து. அதை கம்பைலர் என்ற மொழிமாற்றிக்குக் கொடுத்து, எந்திரம் ஓட்டும் வடிவமாக மாற்ற வேண்டும். கட்டுவது என்று சொல்வது இதைத்தான். நிரல் நூறு கோப்புகளாகப் பிரிந்து கிடந்தால் எதை முதலில் கட்டுவது? ஒன்றை மட்டும் திருத்தினால் மற்ற எவற்றையெல்லாம் திரும்பக் கட்ட வேண்டும்?

1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இதற்கு விடை கண்டார். அவருடைய சகா ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப் பொழுது முழுவதும் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தார். பிழையை எப்போதோ திருத்தியாகிவிட்டது. அந்தக் கோப்பைத் திரும்பக் கட்டாததால் பழைய வடிவமே ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் புலம்பலிலிருந்து பிறந்த கருவிதான் 'மேக்'. எது எதைச் சார்ந்தது என்று ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். சாம்பாருக்குப் பருப்பும் புளிக்கரைசலும் வேண்டும், புளிக்கரைசலுக்குப் புளியும் தண்ணீரும் வேண்டும் என்பது போல. 'மேக்' கோப்புகளின் நேர முத்திரையைப் பார்க்கும்; புளி மட்டும் புதிது என்றால் பருப்பைத் திரும்ப வேக வைக்காது. அந்தக் கோப்பில் கட்டளை வரியை டாப் விசையால்தான் தொடங்க வேண்டும், வெற்றிடம் வைத்தால் ஏற்காது. இது கோளாறு என்று ஃபெல்ட்மனுக்கே சில வாரங்களில் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களாம். அவர்களுக்கு ஏன் தொல்லை என்று விட்டுவிட்டார். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்காக ஐம்பது ஆண்டுகளாக உலகம் டாப் விசையைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்த சிக்கல், ஒவ்வொரு நிறுவனத்தின் யூனிக்ஸும் ஒவ்வொரு விதமாக இருந்தது. 1984-இல் லாரி வால் தன் 'ஆர்என்' நிரலோடு ஒரு கேள்விப் பட்டியலையும் அனுப்பினார்: உன் கணினியில் இந்த வசதி இருக்கிறதா, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று. 1991-இல் டேவிட் மெக்கன்சி இந்த விசாரணையையே தானியங்கியாக்கி 'ஆட்டோகான்ஃப்' எழுதினார். அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக்கே மூன்று கட்டளைகள் மந்திரமாயின: கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். கன்ஃபிகர் ஓடும்போது திரையில் வரிவரியாகப் போகும்: கம்பைலர் இருக்கிறதா, இருக்கிறது, இந்தத் தலைப்புக் கோப்பு இருக்கிறதா, இருக்கிறது, அந்த லைப்ரரி இருக்கிறதா, இல்லை. அந்த 'இல்லை'யில்தான் பலருடைய ஞாயிற்றுக்கிழமை போனது. இல்லாததைத் தேடி எடுத்து வந்தால், அது இன்னும் மூன்றைக் கேட்கும்.

1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் போன்ற வழங்கல்கள், இந்தச் சார்புகளை வேறு யாரோ கணக்கிட்டு, கட்டி, பொதியாகத் தரும் ஏற்பாட்டைச் செய்தன. இன்று பெரும்பாலோர் எதையும் மூலத்திலிருந்து கட்டுவதில்லை. கட்டவும் தேவையில்லை, பொதி இருக்கும் வரை.

எனக்குத் தேவைப்பட்டது 2018-இல். நிகழ்ச்சி அழைப்பிதழ்களைத் தமிழில் படமாக வரைந்து தரும் ஒரு சிறு பைத்தான் நிரல் எழுதியிருந்தேன். 'கொ' என்று கொடுத்தால், ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. 'கொடி' என்பதை யாராலும் வாசிக்க முடியாது. காரணம் எளிது. யூனிகோடில் எழுத்து ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகிறது: முதலில் க, பிறகு ஒகரக் குறி. அந்தக் குறியை ஒற்றைக்கொம்பாகவும் காலாகவும் பிரித்து, கொம்பை முன்னால் கொண்டுவருவது வேறொரு லைப்ரரியின் வேலை. அது இல்லாமல் கட்டிய படக் கருவிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம் மட்டும் அழகாக வரும்.

எனக்கு இடம் கொடுத்திருந்த சேவையகத்தில் பழைய பொதிகள்தான் இருந்தன, நிர்வாக உரிமையும் கிடையாது. ஆகவே என் சொந்த அடைவுக்குள்ளேயே எல்லாவற்றையும் கட்ட வேண்டியிருந்தது. கன்ஃபிகர் கட்டளையில் நிறுவும் இடத்தை நாமே சொல்லலாம் என்பது அந்தப் பழைய முறையின் பெரிய கருணை.

எழுத்துருவைத் திறந்து கோடுகளை வரைவது ஃப்ரீடைப். எழுத்துகளைச் சேர்த்து வரிசை மாற்றுவது ஹார்ஃப்பஸ். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வேடிக்கை உண்டு. ஹார்ஃப்பஸைக் கட்ட ஃப்ரீடைப் வேண்டும். ஃப்ரீடைப்பை முழு வசதியோடு கட்ட ஹார்ஃப்பஸ் வேண்டும். எழுத்தின் விளிம்புகளைத் திரைப் புள்ளிகளுக்குப் பொருத்தும்போது கூட்டெழுத்துகளை அடையாளம் காண அது உதவுகிறது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. கட்டுபவர்கள் பல ஆண்டுகள் கையாண்ட தீர்வு இது: முதலில் ஹார்ஃப்பஸ் இல்லாமல் ஒரு அரைகுறை ஃப்ரீடைப்பைக் கட்டு, அதை வைத்து ஹார்ஃப்பஸைக் கட்டு, பிறகு ஃப்ரீடைப்பை மறுபடி முழுதாகக் கட்டு. நானும் அப்படியே செய்தேன். அதற்கு மேல் ஃப்ரிபிடி, அதற்கு மேல் ராக்ம், கடைசியில் பைத்தானின் பில்லோ.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஹார்ஃப்பஸை இன்றைய வடிவத்துக்குத் திருப்பி எழுதியவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். பாரசீகத்தில் ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்தது. 'ஓப்பன்டைப்' என்ற எழுத்துரு வடிவத்தின் பெயரை அப்படியே பாரசீகமாக்கியிருக்கிறார். ஃப்ரிபிடி, வலமிருந்து இடமாக எழுதும் அரபியையும் எபிரேயத்தையும் கவனிப்பது. ராக்ம், ஓமான் அரசின் தகவல் தொழில்நுட்ப ஆணையத்தின் முயற்சியில் 2015-இல் எழுந்தது. அரபியில் அந்தச் சொல்லுக்கு எழுத்து என்றும் எண் என்றும் பொருள். தமிழ்க் கொம்பு முன்னால் வருவதற்கு எனக்கு உதவியவர்களில் தமிழர் யாரும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தங்கள் எழுத்தும் இப்படித்தான் திரையில் உடைந்து கிடந்தது என்பதால் அவர்கள் கட்டினார்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் இன்று இருப்பது ஹார்ஃப்பஸ்தான். இந்த உரையின் அச்சு வடிவத்தை நீங்கள் கைபேசியில் படித்தால், அநேகமாக ஒவ்வொரு கொம்பும் அதன் வழியாகத்தான் வருகிறது.

சரி, நாமே கட்டினால் நம்பலாமா? 1984-இல் கென் தாம்சன், டூரிங் விருது உரையில் நிம்மதியைக் கெடுக்கும் ஒரு பதில் சொன்னார். கம்பைலரும் ஒரு நிரல்தான். அதைக் கட்டுவது அதன் முந்தைய கம்பைலர். அந்த முந்தையதில் ஒரு கள்ளத்தனத்தை வைத்துவிட்டால், அது புதிய கம்பைலருக்குள்ளும் அதைத் தானே புகுத்திவிடும். அதன்பின் மூலத்தில் எத்தனை முறை தேடினாலும் கள்ளம் தெரியாது. கைக்ஸ் என்ற வழங்கலைச் சேர்ந்தவர்கள் இதற்குப் பதிலாக 2023-இல் ஒரு காரியம் செய்தார்கள்: வெறும் 357 பைட் அளவுள்ள, கையால் சரிபார்க்கக்கூடிய ஒரு விதையிலிருந்து தொடங்கி, படிப்படியாக முழு அமைப்பையும் மூலத்திலிருந்தே கட்டிக் காட்டினார்கள். எனக்கு இது தாம்சனுடைய உரைக்கு எழுதப்பட்ட மறுப்புரை போலவே படுகிறது.

2024-இல் நடந்தது தாம்சன் சொன்னதைவிட எளிமையான திருட்டு. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு லைப்ரரி. நெடுங்காலம் ஏறக்குறைய ஒரே ஆள், சம்பளமில்லாமல், களைப்போடு பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக வேலை செய்து நம்பிக்கை பெற்று, வெளியீடுகளை அனுப்பும் அதிகாரமும் பெற்றார். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்று இன்றுவரை வெளியாகவில்லை. 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் ஒரு பின்கதவு இருந்தது. அதை வைத்த இடம்தான் முக்கியம். எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் சோதனைக் கோப்பு என்ற பெயரில் சில புரியாத பைட்டுகள் மட்டும் கிடந்தன. அவற்றை உயிர்ப்பிக்கும் வரிகள், வெளியீட்டுப் பொதிக்குள் இருந்த கன்ஃபிகர் சார்ந்த கோப்பு ஒன்றில் மட்டும் இருந்தன. ஆட்டோகான்ஃப் உருவாக்கும் அந்த ஆயிரக்கணக்கான வரிகளை யாரும் படிப்பதில்லை. கட்டும் வேளையில் அது விழித்துக்கொண்டு லைப்ரரிக்குள் நுழைந்தது. குறி, தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை. அதற்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடி உறவே இல்லை. சில வழங்கல்கள் ஒரு சிறு வசதிக்காக எஸ்எஸ்எச் சேவையை சிஸ்டம்டி லைப்ரரியோடு இணைத்திருந்தன. சிஸ்டம்டி எக்ஸ்இசட்டைச் சார்ந்திருந்தது. சாம்பாரின் புளியில் இல்லை விஷம், புளி வைத்திருந்த பாத்திரத்தில்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர். எஸ்எஸ்எச் நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைப் பார்த்தார். அரை நொடிதானே என்று விடவில்லை. மூலம் கையில் இருந்தது, தோண்டினார், 2024 மார்ச் 29 அன்று பொதுவில் எழுதினார். நிலையான வெளியீடுகளுக்குள் பரவலாகப் போகும் முன்பே பிடிபட்டுவிட்டது.

நேரலையில் ஒரு கேள்வி வந்தது, அதற்குப் பதில் சொல்லி முடிக்கிறேன். 1990-களின் இறுதியில் தட்டச்சு செய்து வைத்த டிஸ்கி கோப்புகள் குறுவட்டில் இருக்கின்றன, திறந்தால் குப்பையாகத் தெரிகிறது, மீட்க முடியுமா என்கிறார் ஒருவர். முடியும். டிஸ்கியில் கொம்பு, கண்ணுக்குத் தெரியும் வரிசையில், ககரத்துக்கு முன்னாலேயே சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடுக்குப் போகும்போது அதைப் பின்னால் தள்ள வேண்டும். லினக்ஸின் அடிப்படையான ஜிலிப்சி லைப்ரரிக்குள் இதற்கான மாற்றியை 2002-இல் புரூனோ ஹைபிள் என்ற ஜெர்மானியர் எழுதிச் சேர்த்துவிட்டார். 'ஐகான்வ்' கட்டளையில் மூல வடிவம் டிஸ்கி, இலக்கு யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். ஃபெடோரா போன்ற சில வழங்கல்களில் அந்த மாற்றி கூடுதல் பொதியில் இருக்கும், அதையும் நிறுவ வேண்டும். குறுவட்டு இன்னும் படிக்கிற நிலையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.