ஃப்ளோரன்ஸ் (எ) அன்னபூரணி

பள்ளிபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று என் மகள் கேட்டாள். காவிரியில் பரிசல் ஏறிய கால்களுக்குக் கப்பல் கதை கசக்காது என்றேன். நான் பிறந்ததும் பிரெஞ்சு வழியில் படித்ததும் காரைக்காலில். பிறகு அரசாங்க குமாஸ்தா வேலை. முக்கால்வாசிக் காலம் பதிவேடுகளோடுதான் போயிற்று. மனைவி பள்ளிபாளையத்துக்காரி. அதனால் ஓய்வுக்குப் பிறகு இந்த ஊர். இன்றைய கதையும் ஒரு பெயர்ப் பதிவைப் பற்றியதுதான்.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை சுமார் 32 அடி நீளமே உள்ள ஒரு பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றி வந்தார். படகின் பெயர் 'ஸ்வாப்'. கனவைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல் என்று அந்தப் பெயரை வைத்தார். பிறகு ஃப்ளோரன்ஸ் கிரேன் என்ற பெண்ணை மணந்தார். பெரிய செல்வந்தர் வீட்டுப் பெண். குழாய்ச் சாமான்கள் செய்யும் கிரேன் கம்பெனிக் குடும்பம். அவரும் கணவரோடு அதே படகில் பசிபிக் கடலுக்குக் கிளம்பிவிட்டார்.

1934 தொடக்கத்தில் ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த கலாபகோஸ் தீவுகளில் இருந்தபோது ராபின்சனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. பக்கத்தில் மருத்துவர் கிடையாது. வானொலிக் கருவி வைத்திருந்த ஒரு மீன்பிடிக் கப்பல் தற்செயலாக அங்கே வந்தது. செய்தி பனாமாவுக்குப் போயிற்று. அமெரிக்கக் கடற்படை விமானமும் போர்க்கப்பலும் வந்து காப்பாற்றின. உயிர் பிழைத்தது, 'ஸ்வாப்' மட்டும் திரும்பக் கைக்கு வரவில்லை.

படகை இழந்த தம்பதிக்கு வேறு கப்பல் வேண்டியிருந்தது. அது நம் பக்கத்தில் கிடைத்தது.

யாழ்ப்பாணத்து வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் கப்பல் கட்டுவது குலத்தொழில் போல நடந்தது. பாய்மரக் கப்பல்கள் அங்கிருந்து ரங்கூனுக்கும் நம் கரைத் துறைகளுக்கும் போய்வந்தன. காரைக்காலில் என் சிறுவயதில் பெரியவர்கள் அந்த ஊர்த் தண்டையல்களைப் பற்றி மரியாதையோடு பேசுவார்கள். தண்டையல் என்றால் கப்பலை நடத்துகிறவர். அந்த ஊரில் கட்டிய கப்பல்களில் ஒன்று 'அன்னபூரணி'. 89 அடி நீளம், வேப்பமரக் கட்டுமானம், இரண்டு பாய்மரம். இதை ராபின்சன் விலைக்கு வாங்கினார். வாங்கியதும் மனைவியின் பெயரைச் சூட்டினார்: 'ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்'.

கப்பலை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை முதலானோர் 1937இல் புறப்பட்டார்கள். ஏடன், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர் வழியாக அட்லாண்டிக்கில் இறங்கி, பெர்முடாவைத் தொட்டு, 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டார்கள். கடைசிக் கட்டத்தில் தலைவராக ஓர் அமெரிக்கக் கேப்டன் இருந்தார். ஆனால் காற்றுக்கேற்ப அந்தப் பாய்களை ஏற்றி இறக்கிய கைகள் தமிழ்க் கைகள். வங்கக் கடல் சரக்குக்காகக் கட்டிய வேப்பமரம் அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டது.

அந்தத் துறைமுகத்தார் கண்ணில் பட்டது 'ஃப்ளோரன்ஸ்' என்ற எழுத்து. வல்வெட்டித்துறையில் இன்றைக்கும் சொல்வது 'அன்னபூரணி'. முந்தைய படகுக்குத் தேடிப்போய் நம் நாட்டுச் சொல்லை வைத்தவர், நம் ஆட்கள் வைத்த பெயரோடு வந்த கப்பலில் அதை மாற்றிவிட்டார். வாங்கியவருக்கு உரிமை உண்டு; மனைவி மேல் பிரியமும் இருந்திருக்கும். நான் குறை சொல்லவில்லை. பிற்காலத்தில் தம்பதி பிரிந்தார்கள். ஃப்ளோரன்ஸ் ஒரு ரஷ்யப் பிரபுவை மணந்து வேறு பெயருக்குரியவர் ஆனார். ராபின்சன் எங்கள் பள்ளிக்கூடச் சுவரின் பிரெஞ்சு வரைபடத்தில் நான் தேடிக் கண்டுபிடித்த தஹிதித் தீவில் குடியேறினார்.

எனக்கு இந்தக் கதை ஏன் விடாமல் நினைவுக்கு வருகிறது என்றால், என் மனைவியின் பெயரும் என் தாயாரின் பெயரும் ஒன்று. மாமியார் பெயரை வீட்டில் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று, கல்யாணமான மறுநாளே அவளுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளுடைய பதிவுப் பெயரை மூன்று தரம் கூப்பிட்டும் அவள் அசையவில்லை. "உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள்" என்று நான் தோளைத் தொட வேண்டியிருந்தது. அவள் பெற்றோர் வைத்த பெயர் அவளுக்கே அந்நியமாகிவிட்டிருந்தது. அந்தப் பெயர் மாற்றத்துக்கு நானும் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாதவன்.

பதிவேட்டில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். இரண்டு பெயர் உள்ளவர்களுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் ஒரு 'எ' போடுவோம். 'என்கிற' என்பதன் சுருக்கம். அந்த ஓர் எழுத்து இருந்தால் பழைய பெயரும் அழியாது, புதிய பெயரும் பொய்யாகாது. அது விட்டுப்போனதால் பென்ஷனும் பட்டாவும் கிடைக்காமல் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மனைவியின் இறப்புச் சான்றிதழுக்கு மனு எழுதியபோது இரண்டு பெயரையும் எழுதி, நடுவில் அந்த 'எ'யை நானே போட்டேன். அந்தக் கப்பலுக்கும் இங்கே அதையே செய்திருக்கிறேன். தலைப்பை இன்னொரு தரம் பாருங்கள்.