ஜாகுவார் சிச்லிட்: வளர்ப்புத் தொட்டியில் ஆண் பெண் மோதல்

பாராக்ரோமிஸ் மனாகுவென்சிஸ் என்னும் அறிவியல் பெயர் கொண்ட ஜாகுவார் சிச்லிட், ஹோண்டுராஸ் முதல் கோஸ்டாரிகா வரையிலான ஏரிகளையும் ஆறுகளையும் தாயகமாகக் கொண்ட, பிற மீன்களை வேட்டையாடி உண்ணும் நன்னீர் மீனாகும். நிகராகுவாவின் மனாகுவா ஏரியைக் குறிக்கும் இப்பெயரை 1867இல் இதற்கு இட்டு விவரித்த ஆல்பர்ட் குந்தர், ஓநாய் சிச்லிட் எனப்படும் இதன் நெருங்கிய உறவினமான பாராக்ரோமிஸ் டோவியை 1864இலேயே விவரித்திருந்தார். இரண்டு இனங்களிலும் ஆண், பெண்ணைவிடக் கணிசமாகப் பெரியது. மீன் வளர்ப்போரிடையே இவை பெற்றுள்ள கெட்ட பெயருக்குப் பெருங்காரணம், ஆண் தன் சொந்த இணையையே கடித்துக் கொன்றுவிடுவதுண்டு என்பதாகும்.

இம்மோதலை வேட்டையின் நீட்சியாகக் கருதி, ஆணுக்கு வயிறு நிறைய உணவிட்டால் அது அடங்கிவிடும் என எதிர்பார்ப்பது பயன் தருவதில்லை. இரை தேடும் மீன் ஓசையின்றி நெருங்கி, முன்னோக்கி நீளும் வாயால் இரையை உறிஞ்சி விழுங்குகிறது. சண்டையிடும் மீனோ துடுப்புகளை விரித்து, செவுள்மூடிகளை உயர்த்தி, நிறத்தை ஆழமாக்கித் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்கிறது. முன்னது பசியின் விளைவு. பின்னது இடத்தையும் இனப்பெருக்கத்தையும் பற்றியது.

இயற்கையில் இம்மீன்கள் இணையாகச் சேர்ந்து, பாறையிலோ குழியிலோ முட்டைகளை ஒட்டவைத்து, குஞ்சுகளை இருவருமாகக் காக்கின்றன. நிகராகுவாவின் ஹிலோவா எரிமலை ஏரியில் ஆய்வு செய்த கென்னத் மெக்கே, அங்கு முட்டையிடும் இடங்களுக்குச் சிச்லிட் இனங்களுக்கிடையே கடும் போட்டி நிலவுவதை 1977இல் விவரித்தார். இத்தகைய நெருக்கடியில் ஆணின் சீற்றத்துக்கு வெளியே எதிரிகள் பலர் இருக்க, துணையின்றி இடத்தைக் காக்க இயலாமையே இணையைப் பிணைத்து வைக்கிறது. ஆணுக்கு இணங்காத பெண்ணும் நீந்தி விலகிவிடலாம். தொட்டியில் எதிரியும் இல்லை, விலகிச் செல்ல வழியும் இல்லை.

கொன்ராட் லோரென்ஸ் 1963இல் வெளியிட்ட ஆக்கிரமிப்பு உணர்வு பற்றிய நூலில், தனியே வைக்கப்பட்ட சிச்லிட் இணையில் ஆண் பெண்ணைத் தாக்கத் தொடங்குவதையும், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மற்றோர் இணை இருந்தால் அச்சீற்றம் அண்டையாரை நோக்கித் திரும்புவதையும் குறிப்பிட்டார். தடுப்பில் பாசி படர்ந்து அண்டையார் பார்வையிலிருந்து மறைந்ததை, ஆண் தன் இணையிடம் முரட்டுத்தனம் காட்டத் தொடங்கியதிலிருந்தே அறிய முடிந்ததாம். இணையை இவ்வாறு தனிமைப்படுத்துவதன் விளைவை ஆராய்ந்து 1969இல் ஆன் ராசா வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய ஆரஞ்சு குரோமைடு மீனைக் கொண்டு செய்யப்பட்டது. சீற்றம் அணைநீர்போல் உள்ளே தேங்கி வழிகிறது என்ற லோரென்ஸின் கோட்பாட்டைப் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்கவில்லை என்றாலும், அவர் கண்ட நிகழ்ச்சி வளர்ப்போருக்கு இன்றும் பயன்படுகிறது.

எனவே பக்கத்துத் தொட்டியில் ஒரு பெரிய சிச்லிட்டை ஆணின் பார்வையில் படுமாறு வைப்பது, அதே தொட்டியில் ஒரு மீனைப் பலிகடாவாக விடுவதைவிட மேலானது. பின்னைய முறையில் பெண்ணுக்குப் பதில் வேறொரு மீன் சாகிறது, அவ்வளவே. ஆப்பிரிக்க ஏரிகளின் வாயில் அடைகாக்கும் சிச்லிட்டுகளில் ஓர் ஆணுக்குப் பல பெண்களை வைத்துத் தாக்குதலைப் பங்கிடும் வழக்கம் இங்கு உதவாது, ஏனெனில் இணை சேர்ந்த பெண் மற்றப் பெண்களைத் தானே விரட்டிவிடும்.

மோதலின் உடனடிக் காரணம் பெரும்பாலும் காலப் பொருத்தமின்மையாகும். ஆண் இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமான பின்னும் பெண்ணின் முட்டைகள் முதிராதிருந்தால், அதன் தயக்கத்தை ஆண் தாக்குதலால் எதிர்கொள்கிறது. இதற்கு வளர்ப்போர் கண்ட சிறந்த ஏற்பாடு அரைத்தடுப்பு, அதாவது பெண் நுழையக்கூடிய, ஆண் நுழைய முடியாத அளவில் துளைகளிட்ட பலகை. எப்போது அருகில் செல்வது என்பதைப் பெண்ணே முடிவு செய்ய இது இடமளிக்கிறது. அளவில் இரண்டும் ஒத்திருந்தால் இம்முறை பயனற்றது. அப்போது முழுத் தடுப்பாகக் கம்பிவலை போன்ற பிளாஸ்டிக் சட்டத்தைப் பொருத்தி, பெண் முட்டையிடும் கல்லை அதன் ஓரமாக வைத்தால், நீரோட்டம் ஆணின் விந்தைக் கொண்டுசேர்த்து ஒரு பகுதி முட்டைகளேனும் கருவுறக்கூடும். மறைவிடமாக வைக்கும் குழாய்கள் இருபுறமும் திறந்திருக்க வேண்டும். ஒருபுறம் அடைத்த குகைக்குள் புகுந்த பெண் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள தொட்டியே முதிர்ந்த இணைக்குக் குறைந்தபட்சம் எனலாம், ஆயினும் தடுப்பின் தேவையை எந்த வீட்டுத் தொட்டியின் அளவும் நீக்குவதில்லை.

எல்லா மோதலும் ஆபத்தானதன்று. இரண்டும் வாயோடு வாய் கவ்வி இழுப்பதும், வாலால் நீரை ஒன்றன்மேல் ஒன்று வீசுவதும் துணையின் வலிமையைச் சோதிக்கும் காதற்சடங்குகளாகும். பெண்ணின் முட்டையிடு குழல் வெளித்தெரிவது அது ஆயத்தமாகிவிட்டதைக் காட்டுகிறது. மாறாக, பெண் நிறம் வெளிறி, துடுப்புகளை ஒடுக்கி, நீர்ப்பரப்பையொட்டிய மூலையில் நின்று உணவையும் மறுத்தால், காயம் தெரிவதற்கு முன்னரே பிரித்துவிட வேண்டும்.

முட்டையிட்ட பின்னர் நிலைமை சில நாள் தணிவதுண்டு, சில வேளை பெண்ணே ஆணை விரட்டுவதும் உண்டு. முட்டைகள் பூஞ்சை பிடித்து அழிந்தாலோ குஞ்சுகளை வளர்ப்பவர் முன்கூட்டியே அகற்றினாலோ, காப்பதற்கு ஒன்றுமில்லாத ஆண் அடுத்த முட்டையிடலுக்கு விரைகிறது. பெண்ணுக்கோ புதிய முட்டைகளை உருவாக்கச் சில வாரங்கள் வேண்டும். ஆதலால் குஞ்சுகள் எடுக்கப்படும் அதே நாளில் தடுப்பும் மீண்டும் பொருத்தப்பட வேண்டும்.