பூட்டிய அறையிலிருந்து மேசைக்கு

தனிநபர் கணினியின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1970களின் கலிபோர்னியாவில் தொடங்குவார்கள். இரண்டு இளைஞர்கள், ஒரு கார் கொட்டகை, ஆப்பிள் என்று அந்தக் கதை போகும். அதற்கு ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, ஒருவர் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் விருப்பப்படி இயக்கக்கூடிய கணினி அறிவியல் ஆய்வகத்தில் பிறந்துவிட்டது. அதற்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று, ஒரு பூனையின் மூளையில் எழும் மின்துடிப்புகளைப் படிப்பது.

அந்தக் காலத்தில் கணினி என்றால் குளிரூட்டிய அறை, கண்ணாடித் தடுப்பு, அதைத் தொட உரிமை பெற்ற சில ஊழியர்கள். ஆய்வாளர் தன் நிரலைத் துளையிட்ட அட்டைகளில் பதித்து, கட்டாகக் கட்டி, சாளரத்தில் நீட்டிவிட்டுப் போவார். மறுநாள் விடை அச்சாகி வரும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் விடைக்குப் பதில் பிழைச் செய்தி வரும். இன்னொரு நாள் போகும். சென்னை ஐஐடிக்கு 1973இல் ஐபிஎம் 370 வந்தது. எழுபதுகளில் அங்கே படித்துவிட்டுக் கடல் கடந்து, இன்று ஓய்வுபெற்றிருக்கும் நம் வாசகர்கள் சிலருக்கு அந்த அட்டைக் கட்டு இன்னமும் நினைவிருக்கக்கூடும்.

விண்மீன்களின் பாதையைக் கணிப்பவருக்கு ஒரு நாள் காத்திருப்பதில் பெரிய நட்டமில்லை. நரம்பியல் ஆய்வாளரின் நிலை வேறு. மயக்க நிலையிலுள்ள விலங்கின் காதில் ஒரு 'டிக்' ஒலியைக் கேட்கச் செய்தால், மூளை சில மில்லிநொடிகளுக்குள் மின்குறியாகப் பதில் தருகிறது. ஆனால் மூளையில் ஓயாமல் ஓடும் மற்ற மின்னோட்டங்களின் இரைச்சலில் அந்தப் பதில் அமுங்கிப்போகிறது. அதைப் பிரித்தெடுக்க ஒரு வழி உண்டு. அதே ஒலியை நூற்றுக்கணக்கான முறை கொடுத்து, கிடைக்கும் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டி, சராசரி எடுக்க வேண்டும். இரைச்சல் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக இருப்பதால் தானே கரைந்துவிடும். மூளையின் உண்மையான பதில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வருவதால் மேலெழும்பி நிற்கும். இதைச் சோதனை நடக்கும்போதே செய்தால்தான் அடுத்து என்ன ஒலி கொடுப்பது, மின்முனையை எங்கே நகர்த்துவது என்று முடிவெடுக்க முடியும். அச்சுத்தாள் மறுநாள் வரும்போது சோதனை முடிந்திருக்கும்.

எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்திலிருந்த வெஸ்லி கிளார்க் இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்ட பொறியாளர். அப்போது எம்ஐடியில் எல்லோரும் பேசியது நேரப் பகிர்வைப் பற்றி; ஒரு பெருங்கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பங்குபோட்டுப் பயன்படுத்தும் முறை அது. கிளார்க் அதற்கு எதிர்த் திசையில் யோசித்தார். சார்ல்ஸ் மோல்னாருடன் சேர்ந்து 1962இல் 'லிங்க்' என்ற சிறிய கணினியை உருவாக்கினார். அதன் நினைவகம் 12 பிட் கொண்ட 1,024 சொற்கள், அதாவது ஒன்றரைக் கிலோபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். ஆனால் அதற்கு ஒரு சிறு திரை இருந்தது, விசைப்பலகை இருந்தது, ஆய்வாளர் ஓட்டத்தின் நடுவிலேயே அளவுகளை மாற்றத் திருகுகள் இருந்தன. மின்முனையிலிருந்து வரும் குறியை நேரடியாக உள்வாங்கும் வாய்களும் இருந்தன. தரவைப் பதியும் நாடாச் சுருள் சட்டைப்பையில் அடங்கியது. தன் சோதனையின் விடையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்பது அன்றைய ஆய்வாளருக்குப் புதுமை.

அந்த ஆண்டே லிங்க்கை மேரிலாந்தின் பெத்தெஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்துக்குக் கொண்டுபோய்ப் பூனையோடு இணைத்துக் காட்டினார்கள். மறுவருடக் கோடையில் நடந்தது அதைவிட முக்கியம். தேர்ந்தெடுக்கப்பட்ட உயிரியல், மருத்துவ ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜுக்கு வந்து, தங்கள் கணினியைத் தாங்களே பூட்டி, சோதித்து, பழுது பார்க்கக் கற்று, ஊருக்கு எடுத்துச் சென்றார்கள். இப்படிப் பன்னிரண்டு கணினிகள் பன்னிரண்டு ஆய்வகங்களுக்குப் போயின. கணினி அவர்களுக்குப் பூட்டிய அறைப் பொருளாக இல்லாமல், நுண்ணோக்கியைப் போல இன்னொரு கருவியானது.

அந்தக் குழுவில் மேரி ஆலன் வில்க்ஸ் என்ற நிரலாளர் இருந்தார். கல்லூரியில் தத்துவம் படித்தவர், பின்னாளில் வழக்கறிஞரானவர். 1965இல் பால்டிமோரிலுள்ள பெற்றோர் வீட்டில் ஒரு லிங்க்கை நிறுவி, அதற்கான இயக்க மென்பொருளை அங்கிருந்தே எழுதினார். வீட்டில் கணினி வைத்து வேலை செய்த முதல் மனிதர்களில் ஒருவர் அவர்.

லிங்க்கின் விலை நாற்பதாயிரம் டாலருக்கும் மேல். நிதி கிடைத்த ஆய்வகங்களுக்குத்தான் அது கைக்கெட்டியது. 1977க்குப் பிறகு கடைக்கு வந்த மலிவுக் கணினிகள் அந்த வேலியை உடைத்தன. கொமோடோர் பெட் கணினியின் பின்புறத்தில் ஆய்வகக் கருவிகளோடு பேசும் பொதுவான இணைப்பு வாய் ஒன்று இருந்தது. வோல்ட்மானியையும் அலைக்காட்டியையும் ஒரே கம்பிவடத்தில் அதனோடு கோர்க்கலாம். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் கூடுதல் அட்டைகள் செருகும் இடங்கள் இருந்தன. பெரிய கணக்குகளை விரைவாகப் போடும் துணைச் சில்லுக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1984இல் மேட்லாப் பிசிக்கு வந்தது; 1986இல் லேப்வியூ மெக்கின்டோஷுக்கு வந்தது.

அடுத்த படி, இந்தச் சிறு கணினிகளைக் கோத்துப் பெருங்கணினி செய்வது. 1994இல் நாசாவின் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் கடையில் கிடைக்கும் 486 வகைச் சில்லுகள் கொண்ட பதினாறு கணினிகளைச் சாதாரண வலைக் கம்பியால் இணைத்து, இலவசமாகக் கிடைத்த லினக்ஸில் ஓட்டினார்கள். பழைய ஆங்கிலக் காவிய வீரனின் பெயரில் அதற்கு பேவுல்ஃப் என்று பெயர். செய்முறை எல்லோருக்கும் திறந்திருந்தது. பத்தாண்டு கழித்து, 2004இல், சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் இதே வழியில் 144 கணுக்களைக் கோத்துக் கட்டிய 'கப்ரு' உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலில் இடம்பெற்றது. இமயச் சிகரம் ஒன்றின் பெயரைத் தாங்கிய அது துகள் இயற்பியல் கணக்குகளைப் போட்டது.

கம்பியால் கோக்காமலே கோக்கலாம் என்று காட்டியவர் ஜார்ஜ் வோல்ட்மன். 2ஐ அதனாலேயே பலமுறை பெருக்கி 1ஐக் கழித்தால் சில வேளை பகா எண் கிடைக்கும். மெர்சென் எண்கள் என்று பெயர். அவற்றைத் தேட 1996இல் அவர் ஒரு நிரலை எழுதி, இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள விட்டார். அந்த நவம்பரிலேயே 4,20,921 இலக்கம் கொண்ட பகா எண் ஒன்று அகப்பட்டது. 1999 மே மாதம் செட்டி அட் ஹோம் வந்தது. அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளைச் சிறு துண்டுகளாக்கி வீடுகளுக்கு அனுப்பினார்கள். கணினி சும்மா இருக்கும்போது அந்தத் துண்டில் வேற்றுலகச் சமிக்ஞை இருக்கிறதா என்று தேடும். ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். 2020 மார்ச்சில் துண்டுகள் அனுப்புவது நிறுத்தப்படும்வரை எந்தச் சமிக்ஞையும் உறுதியாகவில்லை. ஆனால் அதே மார்ச்சில், கொரோனா நுண்மியின் புரதங்களை ஆராய்ந்த ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்தில் குவிந்த வீட்டுக் கணினிகள் நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடிக் கணக்குகளைத் தாண்டின. அன்று உலகில் எந்த ஒற்றைக் கணினியும் அதைத் தொட்டிருக்கவில்லை.

தமிழுக்கும் இந்தக் காலத்தில் ஒரு பங்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம், 'மயிலை' எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தவர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை அவர் முன்னின்று நடத்தினார். பல நாட்டுத் தமிழர்கள் வேலை முடிந்த மாலைகளில், தத்தம் கணினியில், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். செட்டி திட்டம் கணினியின் ஓய்வு நேரத்தைக் கேட்டது. மதுரைத் திட்டம் மனிதரின் ஓய்வு நேரத்தைக் கேட்டது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: கருவி அவரவர் கையில் இருந்தது, யாரிடமும் அனுமதி பெற வேண்டியிருக்கவில்லை.

அந்த நிலை இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2012இல் டொராண்டோ பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, பெற்றோர் வீட்டில் தன் படுக்கையறையில், கணினி விளையாட்டுக்காக விற்கப்பட்ட இரண்டு வரைகலை அட்டைகளைக் கொண்டு ஒரு நரம்பு வலைப்பின்னலைப் பழக்கினார். படங்களை அடையாளம் காணும் போட்டியில் அது மற்றவற்றைப் பின்தள்ளியது. இன்றைய செயற்கை நுண்ணறிவு அலையின் தொடக்கங்களில் அது ஒன்று. மேரி வில்க்ஸின் வீட்டுக்கும் அந்தப் படுக்கையறைக்கும் இடையே நாற்பத்தேழு ஆண்டுகள். ஆனால் அந்தத் துறையின் முன்னணி மாதிரிகளைப் பழக்க இன்று ஆயிரக்கணக்கான சில்லுகள் வேண்டும். அவை சில பெரு நிறுவனங்களின் தரவு மையங்களில் இருக்கின்றன. வோல்ட்மனின் தேடலிலும் 1996 முதல் 2018 வரை பதினேழு பகா எண்களைச் சாதாரணத் தனிநபர் கணினிகள் கண்டன. 2024 அக்டோபரில் வந்த அடுத்த எண்ணை, 4 கோடியே 10 இலட்சம் இலக்கங்களுக்கு மேல் நீண்டதை, பல நாடுகளின் தரவு மையங்களில் வாடகைக்கு எடுத்த வரைகலைச் சில்லுகள் கண்டுபிடித்தன.

பெரிய கருவிகள் எப்போதும் சிலரிடமே இருந்திருக்கின்றன. வானொலித் தொலைநோக்கியை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கவலை வேறிடத்தில். வாடகைக்கு எடுக்கும் கணினியில், பணம் தரும் குழுவை முதலில் நம்பவைக்க முடிந்த கேள்விகளைத்தான் கேட்க முடியும். விண்ணப்பத்தில் எழுத முடியாத, அரைகுறையான, வேடிக்கையான கேள்விகளுக்கு நம் மேசையிலுள்ள கணினியில்தான் இடம். பிள்ளைகளுக்கு அடுத்த கணினி வாங்கும்போது, மெல்லியதாக இருக்கிறதா என்பதோடு, நிரல் எழுதவும் உள்ளே திறந்து பார்க்கவும் விடுகிறதா என்றும் பார்ப்பது நல்லது. கிளார்க் தன் ஆய்வாளர்களை முதலில் கையில் திருப்புளியோடு உட்கார வைத்தார். நிரல் எழுதக் கற்றுக்கொடுத்ததும் அதே கோடையில்தான்.