ஆணியும் நுரையும்: குளிர்கால டயரின் கதை

நோக்கியா என்றதும் தமிழ்நாட்டில் கைபேசிதான் நினைவுக்கு வரும். 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் ஓடிய ஆலையிலிருந்து அந்தப் பெயர் தாங்கிய கைபேசிகள் கோடிக்கணக்கில் வெளியேறின. அந்தப் பெயருக்குச் சொந்தமான ஊரோ பின்லாந்தில், தம்பெரே நகரத்துக்குப் பக்கத்தில், விசையாக ஓடும் ஓர் ஆற்றின் கரையில் இருக்கிறது. கைபேசி வருவதற்கு வெகு காலம் முன்பே அங்கே ரப்பர் வந்துவிட்டது. 1898-ல் தொடங்கிய பின்லாந்து ரப்பர் ஆலை, ஆற்றின் நீர்மின்சாரத்தை நம்பி 1904-ல் அந்த ஊருக்கு இடம்பெயர்ந்தது. அதன் ஆரம்பகாலச் சரக்கு, காலணி நனையாமலிருக்க அதன்மேல் மாட்டிக்கொள்ளும் ரப்பர் மேலுறை. 1925-ல் சைக்கிள் டயர் செய்தது. 1932-ல் கார் டயர். அதற்கு இரண்டு வருடம் கழித்து, அதுவரை உலகத்தில் யாரும் விற்காத ஒரு சரக்கை அது சந்தைக்குக் கொண்டுவந்தது. பனிக்கென்றே செய்த டயர் அது.

அதற்கு முன்பு வட நாடுகளில் முதல் பனி விழுந்ததும் பலர் காரைக் கொட்டகையில் பூட்டி வைத்துவிட்டு வசந்தத்துக்குக் காத்திருந்தார்கள். லாரிக்காரரால் அப்படிக் காத்திருக்க முடியாது. பாலும் மரமும் மாவும் ஊர்போய்ச் சேர வேண்டுமே. அவர் கையில் இருந்தது சங்கிலி. நியூயார்க் மாநிலத்தின் கனஸ்டோட்டா என்ற சிற்றூரைச் சேர்ந்த ஹாரி வீட், வண்டிக்காரர்கள் சேற்றில் சிக்காமலிருக்கச் சக்கரத்தில் கயிறு சுற்றுவதைக் கவனித்து, அதையே இரும்பில் செய்து 1904-ல் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆழமான பனியில் சங்கிலிக்கு இணை இல்லை. ஆனால் பனி விலக்கிய சாலைக்கு வந்தவுடன் அது தடதடக்கும், அறுந்து சக்கரத்தில் சிக்கும். விறைத்த விரல்களோடு மாட்டுவதும் கழற்றுவதும் தனிப் பாடு.

1934-ல் நோக்கியா ஆலை வெளியிட்ட லாரி டயரின் பெயர் கெலிரெங்காஸ். அதன் மேற்பட்டையில் குறுக்குவாட்டில் ஆழமான பள்ளங்கள் இருந்தன. சாதாரண டயரின் பள்ளத்தில் பனி நிரம்பினால் அது மொட்டை டயராகிவிடும் என்பதுதான் அதுவரை எல்லோருடைய பயமும். இந்தக் குறுக்குப் பள்ளங்களோ பனியை வேண்டுமென்றே கவ்விப் பிடித்தன. பனி உருண்டை பிடித்து விளையாடிய குழந்தைக்குக்கூடத் தெரியும், பனியோடு நன்றாக ஒட்டுவது பனிதான். பள்ளத்தில் இறுகிய பனி தரையிலுள்ள பனியைப் பற்றிக்கொள்ள, வண்டி முன்னே நகர்ந்தது.

கார்களுக்கான டயர் 1936-ல் வந்தது. அதற்கு வைத்த பெயர் ஹக்காபெலிட்டா. முப்பதாண்டுப் போரில் சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃபின் படையில் சண்டையிட்ட பின்லாந்துக் குதிரை வீரர்களின் பெயர் அது. ‘வெட்டித் தள்ளு’ என்ற பொருளில் அவர்கள் எழுப்பிய போர்க்குரலிலிருந்து பிறந்த சொல். பதினேழாம் நூற்றாண்டின் அந்தக் குரல் இன்றும் அதே டயர்களின் பக்கச் சுவரில் அச்சாகிறது.

பனிக்கு விடை கிடைத்தது. பனிக்கட்டி வேறு சங்கதி. அங்கே கவ்விக்கொள்ள எதுவும் இல்லை. சக்கரத்துக்கும் கட்டிக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் மட்டும். கடுங்குளிரில் பனிக்கட்டி காய்ந்து கிடக்கும், டயர் ஓரளவு பிடிக்கும். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி, உருகலாமா உறையலாமா என்று அது தடுமாறும் நாளில்தான் வண்டி அதிகம் வழுக்கும். இதற்கு ஒரு மருந்து கீறல். ரப்பரில் மெல்லிய கீறல்கள் போட்டால், ஒவ்வொரு கீறலின் விளிம்பும் தரையைச் சுரண்டும். இந்தக் கீறலை டயர்த் தொழிலில் ‘சைப்’ என்கிறார்கள். 1923-ல் காப்புரிமை பெற்ற ஜான் சைப் என்பவரின் பெயர் அது. இறைச்சிக்கூடத்தின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து அலுத்த ஒரு தொழிலாளி தன் காலணியின் அடியைக் கத்தியால் கீறியதில் தொடங்கியது என்று ஒரு கதையும் உலவுகிறது. ஆதாரம் இல்லாவிட்டாலும் அந்தக் கதைக்கு ஆயுசு கெட்டி.

இரண்டாவது மருந்து ஆணி. கடினமான டங்ஸ்டன் கார்பைடு முனை கொண்ட சிறு ஆணிகளை மேற்பட்டையில் பதித்து, பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்கச் செய்தார்கள். நோக்கியாவின் முதல் ஆணி டயர் 1961-ல் வந்தது. பத்து வருடத்துக்குள் ஆணி டயர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவிவிட்டது. அதன் பிறகு கோடைகாலம் வந்து கணக்குக் கேட்டது. பனி உருகியதும் சாலையில் சக்கரம் ஓடிய தடத்தில் நீளமான வாய்க்கால்கள் தெரிந்தன. மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கியது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1971-லேயே ஆணிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. எழுபதுகளின் நடுவில் மேற்கு ஜெர்மனியும் அதே முடிவுக்கு வந்தது.

ஜப்பானின் செண்டாய் நகரத்தில் கதை இன்னும் தீவிரமானது. அங்கே குளிர் உண்டு, ஆனால் பனி குறைவு. குளிர்காலத்தின் பெரும்பகுதி சாலை காய்ந்தே கிடக்கும். எந்தக் காலையில் பனிக்கட்டி படியும் என்று தெரியாததால் எல்லோரும் மாதக்கணக்கில் ஆணி டயரிலேயே ஓடினார்கள். லட்சக்கணக்கான ஆணிகள் காய்ந்த தாரைச் சுரண்டியதில் எண்பதுகளில் நகரமே புழுதியில் மூழ்கியது. துணி காயப்போட முடியவில்லை. நடப்பவர்கள் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டார்கள். ‘செண்டாய்ப் பாலைவனம்’ என்றே ஊருக்குப் பெயர் வைத்தார்கள். அந்த நகரம் அடங்கிய மியாகி மாகாணம் 1985-ல் தனக்கென ஒரு சட்டம் போட்டது. 1990-ல் நாடாளுமன்றமே ஆணி டயர்ப் புழுதியைத் தடுக்கச் சட்டம் இயற்ற, ஜப்பானியச் சாலைகளிலிருந்து ஆணி விடைபெற்றது.

ஆணி போகப் போக அந்த இடத்தை வேதியியல் பிடித்துக்கொண்டது. 1988-ல் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் வெளியிட்ட பிளிசாக் டயரின் ரப்பர், இட்லியின் உள்பக்கம் போல நுண்துளைகள் நிறைந்தது. டயர் தேயத் தேயப் புதுத் துளைகள் திறந்துகொண்டே இருக்கும். அவை பனிக்கட்டியின் மேலுள்ள நீர்ப்படலத்தை உறிஞ்ச, ரப்பர் நேரடியாகக் கட்டியைத் தொடும். டோயோ நிறுவனம் ரப்பரில் வால்நட் ஓட்டின் துணுக்குகளைக் கலந்தது. பனிக்கட்டியைக் கீறும், தாரைப் புண்படுத்தாது.

புழுதி அடங்கியது, காற்று தெளிந்தது. ஜப்பானின் இன்னொரு நகரமான சப்போரோவில் மட்டும் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஆணி இல்லாத ஆயிரக்கணக்கான சக்கரங்கள் சந்திப்புகளில் நின்றும் கிளம்பியும் பனிக்கட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிட்டன. அப்போதுதான் புரிந்தது, ஆணி டயர்கள் அத்தனை காலமும் பனிக்கட்டியைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, ஆணி இல்லாதவருக்கும் சேர்த்து வழி செய்து கொடுத்திருந்தன என்பது. நான் எந்த டயர் வாங்குகிறேன் என்பது பின்னால் வருபவரின் பிரேக்கையும் பாதிக்கிறது.

பின்லாந்தில் இன்றும் பெரும்பாலோர் ஆணியை விடவில்லை. அங்கே நீண்ட குளிர்காலம், ஆளரவமற்ற காட்டுப் பாதைகள், உருகி உறையும் தெற்குக் கடற்கரை. நாடு ஆணியைத் தடை செய்யாமல் அடக்கியது. எடைக்கு வரம்பு, 2013 முதல் வடக்கு நாடுகளில் டயர் உருளும் ஒரு மீட்டருக்கு 50 ஆணி என்ற பொது அளவு. சுவீடனில் ஸ்டாக்ஹோம் நகரம், காற்று மாசு பொறுக்காமல் ஹார்ன்ஸ்காட்டன் என்ற ஒரே தெருவில் 2010-ல் ஆணி டயரைத் தடுத்தது.

ஜெர்மனியின் பாதை வேறு. அங்கே பனியைவிட ஈரமும் குளிரும் அதிகம். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும். எப்போது மாற்றுவது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் வாய்ப்பாடு ‘ஓ முதல் ஓ வரை’. ஒக்டோபரில் தொடங்கி ஓஸ்டர்ன் என்கிற ஈஸ்டரில் முடியும். டயரின் பக்கச் சுவரில் ‘எம்+எஸ்’ என்ற எழுத்து, சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்ற பொருளில் வெகு காலம் இருந்தது. அதற்குச் சோதனை எதுவும் கிடையாது. தயாரிப்பாளரின் சொல்தான் சான்று. 1999-ல் வட அமெரிக்க ரப்பர் தொழில் அமைப்புகள் மூன்று சிகரமும் நடுவில் ஒரு பனித்துகளும் கொண்ட முத்திரையைக் கொண்டுவந்தன. பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே அது கிடைக்கும். 2024 ஒக்டோபர் முதல் ஜெர்மானியச் சட்டம் பனிக்காலச் சாலைக்கு அந்த முத்திரையைத்தான் ஏற்கிறது.

கனடாவில் குளிர்கால டயரை எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கிய ஒரே மாகாணம் கியூபெக். 2008-ல் டிசம்பர் 15 என்று இருந்த கெடு, 2019-லிருந்து டிசம்பர் 1 ஆனது. மொன்ட்ரியலின் ஈழத்தமிழர் வீடுகளில் நவம்பர் பிறந்தால் ‘ரயர் மாத்தியாச்சோ?’ என்பது நலம் விசாரிப்பின் ஒரு பகுதி. அண்டை மாகாணமான ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. 2016 முதல் குளிர்கால டயர் போட்டவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. ஒரே நாடு, ஒரே பனி. ஓரிடத்தில் அபராதம், பக்கத்தில் சலுகை.

முத்திரையும் சட்டமும் வந்த பிறகும் எந்த டயர் என்ற கேள்வி மிஞ்சத்தான் செய்தது. அதற்குப் பத்திரிகைகளின் ஒப்பீட்டுச் சோதனைகளை நம்புவது ஐரோப்பிய வழக்கம். அந்த நம்பிக்கைக்கும் 2016-ல் அடி விழுந்தது. சோதனைக்கு அனுப்பிய டயர்கள் கடையில் விற்றவற்றைவிட மெருகேற்றப்பட்டிருந்தன என்று ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டது. முதல் குளிர்கால டயரைச் செய்த நோக்கியா ஆலையின் இன்றைய வடிவமான நோக்கியன்தான் அது. அதன் பிறகு சோதனைக்கான டயர்களைக் கடையிலேயே வாங்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது.

பின்லாந்தில் குளிர்கால டயர் வெகு காலம் நாட்காட்டியைப் பார்த்து ஓடியது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மூன்று மாதமும் கட்டாயம். தரை காய்ந்திருந்தாலும் சரி. 2020-ல் வந்த புதுச் சட்டம் நவம்பர் முதல் மார்ச் வரை என்று காலத்தை நீட்டி, ஒரு நிபந்தனையும் சேர்த்தது: வானிலையோ ‘கெலி’யோ கேட்டால் மட்டும். கெலி என்பது பின்னிஷ் மொழியில் அன்றைய பாதையின் நிலையைக் குறிக்கும் ஒற்றைச் சொல். சேறா, பொடிப்பனியா, கண்ணாடிக்கட்டியா என்பதெல்லாம் அதற்குள் அடங்கும். ரெங்காஸ் என்றால் டயர். 1934-ல் அந்த முதல் லாரி டயருக்கு ஆலைக்காரர்கள் வைத்த பெயரின் முன்பாதிதான், 86 வருடம் கழித்து இந்தச் சட்டத்தின் நிபந்தனையாகியிருக்கிறது.