சீன எழுத்தும் ஒலிக்குறியும்

சீன மொழியிற் செய்தித்தாள் ஒன்றைத் தடையின்றிப் படிக்க இரண்டாயிரம் மூவாயிரம் எழுத்துகளேனும் தெரிந்திருத்தல் வேண்டும். ஏர் பிடித்தவனுக்கு அதற்கு ஓய்வேது? கல்வி நெடுங்காலம் நிலக்கிழார் வீட்டுச் சொத்தாயிருந்ததில் வியப்பில்லை.

1913 இல் பீக்கிங்கிற் கூடிய மாநாடு பழைய எழுத்து வடிவங்களிலிருந்து ஒலிக்குறிகளை வகுத்தது. 1918 இல் அரசு அவற்றை வெளியிட்டது. தைவான் பள்ளிகளில் இன்றும் அவையே முதற்பாடம். எனினும் அவை உச்சரிப்பைக் காட்டும் துணைக்குறிகளே. துணிவான முயற்சி சோவியத் மண்ணில் வாழ்ந்த சீனத் தொழிலாளரிடையே எழுந்தது. கம்யூனிஸ்டு எழுத்தாளர் சூ சியூபாய் முதலியோர் அமைத்த இலத்தீன் எழுத்துமுறையை 1931 இல் விளாடிவொஸ்தொக் மாநாடு ஏற்றது. பழைய எழுத்தையே அகற்றுவது அதன் நோக்கம். வட்டாரப் பேச்சு ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துமுறை வேண்டும் என்பது அதன் கொள்கை. லூ சுன் அதனை மனமார ஆதரித்தார். பழைய எழுத்திலே பெரும்புலமை பெற்றிருந்தவர் அவர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயின் அம்முறை தொனிகளைப் பொதுவாகக் குறிக்கவில்லை. ‘மா’ என்னும் ஓரசை தொனி மாறுந்தோறும் தாய், சணல், குதிரை, ஏசுதல் எனப் பொருள் மாறும் மொழியில் இது சிறு குறையன்று.

1958 பெப்ரவரியில் தேசிய மக்கள் பேராயம் ஏற்ற பின்யின் தொனிக்குறிகளையும் கொண்டது. ஆனால் பழைய எழுத்தின் இடத்தைப் பிடிக்க அது வரவில்லை எனச் சௌ என்லாய் அதற்கு முந்திய மாதமே தெளிவாக்கிவிட்டார். பேச்சு வேறுபட்ட மக்களை எழுத்தே பிணைக்கின்றது என்ற வாதம் வென்றது. அவ்வாதத்தில் உண்மை உண்டென்றே நாமும் கருதுகிறோம். எனினும் பின்யின் எழுதுவது பொதுமொழி ஒன்றையே. முதலாம் வகுப்பிற் பின்யின் கற்கும் கந்தோன் நகரச் சிறுவன் தன் தாயின் பேச்சை அதிலே காணான்.