அடிவாரத்திலிருந்து பார்த்த 'இயற்கை நிலை': சேர்வராயன் மலையும் சமூக ஒப்பந்தக் கோட்பாடும்

சேலத்திலிருந்து சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதை அடிவாரத்தில் தொடங்கி இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. சட்டமும் வரியும் ஆவணமும் இங்கேயே நின்றுவிட, மேலே வெறும் காடுதான் இருக்கிறது என்று கீழே நிற்பவர் எண்ணக்கூடும். ஐரோப்பிய அரசியல் தத்துவம் 'இயற்கை நிலை' என்று பெயரிட்டது இந்தப் பார்வைக்கே என்பது இக்கட்டுரையின் வாதம்.

1651இல் வெளிவந்த 'லெவியதன்' நூலில் தாமஸ் ஹாப்ஸ், பொது அதிகாரம் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொருவருக்கும் பகையாவர் என்றார். உழவும் தொழிலும் அங்கே நிலைக்காது. அப்படி வாழ்வோருக்கு அவர் காட்டிய சான்று அமெரிக்கப் பழங்குடிகள். ஜான் லாக் இந்த அச்சத்தைத் தணித்தார். அரசுக்கு முன்பே இயற்கைச் சட்டம் உண்டு, உழைப்பைக் கலந்தவனுக்கு நிலம் உரியது என்றார். ரூசோவோ, 1755இல் ஏற்றத்தாழ்வு பற்றி எழுதியபோது, இயற்கை நிலை வரலாற்று உண்மையன்று, சிந்தனைக்கான கருவி என்று ஒப்புக்கொண்டார்.

கருவிதான் என்றால், அதன் எதிரே இன்னொரு கதையை வைத்துப் பார்க்கலாம். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்கின்றனர். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பிலும் இக்கதை உண்டு. ஒரு வடிவில், உடன்பிறந்தார் மூவரில் மூத்தவர் சேர்வராயனுக்கும், இரண்டாமவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் உரியவராயினர். புறப்பட்ட காரணமும் யாருக்கு எந்த மலை என்பதும் கதைக்குக் கதை மாறும். மூவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்பது மாறுவதில்லை.

ஹாப்ஸின் வரிசை இங்கே தலைகீழாகிறது. அவர் கதையில் தனி மனிதர்கள் காட்டிலிருந்து அரசுக்குள் வருகின்றனர். இவர்களோ அரசுள்ள நகரிலிருந்து காட்டுக்குப் போகின்றனர். தனியாகவும் போகவில்லை. உறவையும் தெய்வத்தையும் பங்கீட்டு முறையையும் உடன் கொண்டு ஏறினார்கள். மேலே ஊருக்கு ஊர்க்கவுண்டர், பல ஊர் சேர்ந்த நாட்டுக்கு ஒரு தலைவர் என்ற அமைப்பு வளர்ந்தது. திருமணமும் வழக்கும் தண்டமும் அங்கேயே தீர்ந்தன. மலையுச்சியில் சேர்வராயன் என்ற தெய்வம் குடிகொண்டிருப்பது ஒரு குகை. தலை குனிந்து நுழைந்தால் இருட்டும் ஈரமும். உள்ளே காவேரியம்மனும் உடன் இருக்கிறாள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்ட மலையூர்கள் அங்கே திரள்கின்றன. எழுதப்படாத ஓர் உடன்படிக்கை ஆண்டுதோறும் மக்கள் கண்முன் புதுப்பிக்கப்படுகிறது.

இதைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கமன்று. அந்தத் தலைமை ஆண்களுடையது, பெரும்பாலும் பரம்பரையானது. ஆனால் குறையுள்ள ஒழுங்கும் ஒழுங்குதான். சமூகம் தோன்ற அரசு முன்நிபந்தனை என்ற கூற்றை மறுக்க அதுவே போதும்.

தத்துவத்தின் இந்தப் பிழைக்கு நிலம் விலை கொடுத்தது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பியை அறிமுகப்படுத்தினார். அதன்பின் தோட்டங்கள் பரவின. சாமையும் கேழ்வரகும் விளைந்த புனத்தைச் சில ஆண்டுகள் ஆறப்போடுவது மலை உழவின் இயல்பு. ஆறுகிற மண்ணும் உழைப்பில் ஒரு பகுதி. வேலி, வரிசை நடவு, பட்டா ஆகியவற்றை மட்டுமே உழைப்பின் அடையாளமாகக் கண்ட கண்ணுக்கு அது ஆளில்லாத தரிசு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்கி அரசுக்குரியவை ஆக்க வழி செய்தது. உழைப்பே உரிமை என்ற லாக்கின் கோட்பாடு, உழைப்பின் ஒரு வடிவத்தை மட்டும் கண்டபோது உழைத்தவனுக்கே எதிராகத் திரும்பியது.

ஆயினும் அக்கோட்பாட்டின் நல்ல பாதி அழியவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தன் பெயரிலேயே 'அங்கீகாரம்' என்கிறது. வனவாசிகளுக்கு நேர்ந்தது வரலாற்று அநீதி என்று முகவுரையில் ஒப்புகிறது. உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று ஆராயத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கு உண்டு. அங்கீகாரம் என்ற சொல் எளிதானதன்று. கொடுப்பதற்குக் கொடுப்பவர் போதும். அங்கீகரிக்க, அந்த உரிமை முன்பே இருந்திருக்க வேண்டும். அரசு தனக்கு முந்திய ஒரு சமூகத்தின் முன் நின்று, உன் உரிமை என்னால் பிறந்ததன்று என்று சொல்லும் சட்டம் அது.

எனவே இம்மலையில் உண்மையான ஒப்பந்தம் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதன் ஒரு தரப்பு அரசு. மறுதரப்பு, அரசுக்கு முன்பே தம்முள் ஒப்பந்தம் செய்துகொண்ட மக்கள். ஒரு கிராம சபையின் தீர்மானத்தைக் காரணம் கூறாமல் தள்ளிவைக்கும் ஒவ்வொரு முறையும், அரசு மீண்டும் அடிவாரத்தில் நின்று மலையைப் பார்க்கிறது.